கவுன்சிலர் ரூமுக்குள் அம்மா வரலாமா? கம்யூனிட்டி காலேஜ் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டு வருட அரசுக் கல்லூரிகள்) ஒன்றில் கவுன்சிலராக இருக்கிறேன். விதிகள் பெரும்பாலும் மாநிலம் முழுவதும் ஒன்றுதான், கெடு தேதிகள்தான் காலேஜுக்குக் காலேஜ் மாறும். விசா நுணுக்கங்களை வக்கீலிடம் தள்ளிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஃப்ரீமாண்ட், ஓர் அப்பா: நானும் மனைவியும் ஐ.டி.யில் இருக்கிறோம். மகள் அமெரிக்கப் பிரஜை. எங்கள் சம்பளத்துக்கு உதவித்தொகை ஒன்றும் வராது. அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் போடுவது வீண் வேலைதானே?

போடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான பெல் கிராண்ட் வராமல் போகலாம். ஆனால் முதல்முறையாகக் காலேஜில் சேர்ந்து முழுநேரம் படிக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டு வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இரண்டு வருடக் கட்டணத்தைப் பல காலேஜ்கள் ‘பிராமிஸ்’ திட்டத்தில் தள்ளுபடி செய்கின்றன. அதற்கு ஃபாஃப்சா போட்டிருக்க வேண்டும். ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவு) கட்டணம் 46 டாலர், 12 யூனிட்டுக்கு 552 டாலர். ஒரு மாலை நேர வேலைக்கு மோசமில்லை. பெற்றோர் எச்-1பியா, கிரீன் கார்டா என்பது பிரச்சினையே இல்லை, பிள்ளையின் நிலைதான் கணக்கு. படிவம் இலவசம், நிரப்பித் தரக் காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

சான் ரமோன், ஓர் அம்மா: பையனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவுப் பிரச்சினை). ஹைஸ்கூலில் ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டம் இருந்தது, தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். காலேஜிலும் அது தானாகத் தொடருமா?

தொடராது. நல்ல பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரில் சறுக்குவது இங்கேதான், அதனால் நீளமாகவே சொல்கிறேன். ஹைஸ்கூல் வரை, பிள்ளைக்கு என்ன தேவை என்று கண்டுபிடித்து உதவுவது பள்ளியின் பொறுப்பு. காலேஜுக்குச் சட்டமே வேறு. மாணவனே டி.எஸ்.பி.எஸ். அலுவலகத்துக்கு (குறைபாடு உள்ள மாணவர்களுக்கு உதவும் பிரிவு) போய்ப் பதிய வேண்டும். பழைய ஐ.இ.பி., டாக்டர் ரிப்போர்ட், சைக்காலஜிஸ்ட் செய்த டெஸ்ட் என்று வீட்டில் எது இருந்தாலும் எடுத்துப்போகட்டும். அங்குள்ள கவுன்சிலர் அவனோடு பேசிப் பார்த்து, ஒன்றரை மடங்கு நேரம், சத்தமில்லாத தேர்வு அறை, குறிப்பெடுக்க உதவி, காதால் கேட்கக்கூடிய பாடப்புத்தகம் என்று பொருந்துவதை எழுதித் தருவார்.

பேராசிரியருக்குப் போகும் கடிதத்தில் என்னென்ன வசதி தர வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும், என்ன குறைபாடு என்பது இருக்காது. டிரான்ஸ்கிரிப்டிலும் வராது. பின்னால் கல்யாணப் பேச்சில் தெரிந்துவிடுமோ என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பயமும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த வசதி பதிந்த நாளிலிருந்துதான். மிட்டெர்மில் கோட்டை விட்ட பிறகு போய்ப் பதிந்தால் அந்த மார்க் மாறாது. வகுப்பு தொடங்கும் முன்பே போகச் சொல்லுங்கள். அப்புறம், கஷ்டமாக இருக்கிறது என்று அவன் தானாகப் பாடத்தை டிராப் செய்துவிடக் கூடாது. கவுன்சிலரைப் பார்க்காமல் டிராப் பட்டனைத் தொடாதே என்று சொல்லி வையுங்கள்.

அதே அம்மா: அவன் கூச்ச சுபாவம், மேடம். நானே போய்ப் பேசிவிடலாமா?

அவன் சம்மதித்தால் கூட வரலாம். பேச வேண்டியது அவன். “என்ன மேஜர் யோசித்திருக்கிறாய்?” என்று பையனைப் பார்த்துக் கேட்பேன். “கம்ப்யூட்டர் சயின்ஸ்” என்று அம்மா சொல்வார். பையன் என் மேஜையில் இருக்கும் ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். அம்மா ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்தால்தான் அவனுக்கு அக்கவுண்டிங்கில் ஆசை என்பதே வெளியே வரும்.

மில்பிடாஸ், ஓர் அப்பா: மகனின் கிரேடு கேட்டு ஃபோன் செய்தேன், சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள். ஃபீஸ் கட்டுவது நான்!

மாணவர் பதிவுகளின் ரகசியம் காக்கும் 1974ஆம் வருடத்து ஃபெர்பா சட்டம், ஐயா. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து, 18 வயது ஆகாவிட்டாலும், பதிவுகள் மீதான உரிமை மாணவனுடையது. ஹைஸ்கூலில் இருந்தபடியே ஒரு காலேஜ் வகுப்பு எடுத்தாலும் அந்த வகுப்புக்கு இதே கதைதான். அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சொல்வார்கள். அவனிடமே கேட்டுவிடுவது இன்னும் சுலபம்.

டப்ளின், ஓர் அம்மா: எங்கள் வருமானம் அதிகம். ஃபாஃப்சா அவசியமா?

ஃப்ரீமாண்ட்காரருக்குச் சொன்னதுதான்.

சான் ஹோசே, மாணவர்: அக்கா, மதுரையிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்திருக்கிறேன். வாடகை போகக் கையில் ஒன்றும் நிற்பதில்லை. காலேஜ் பேண்ட்ரியில் இலவசமாகத் தரும் சாப்பாட்டுச் சாமான் வாங்கலாமா?

வாங்கலாம், தம்பி. ஒவ்வொரு காலேஜிலும் பேசிக் நீட்ஸ் சென்டர் இருக்க வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் மாநிலச் சட்டம். பேண்ட்ரி, தங்குமிடச் சிக்கல், அவசரத் தேவை எல்லாவற்றுக்கும் அங்கேயே போய்க் கேளுங்கள். பேண்ட்ரிக்குப் பெரும்பாலும் ஸ்டூடண்ட் ஐ.டி. போதும். கால்ஃபிரெஷ் வேறு விஷயம், அது அரசாங்கத்தின் உணவு உதவி. எஃப்-1க்குக் கிடையாது, விண்ணப்பிக்காதீர்கள். கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். லைப்ரரியிலும் டியூட்டரிங் சென்டரிலும் விசாரியுங்கள். வெளியே கடையில் கேஷ் வேலை வேண்டவே வேண்டாம். 12 யூனிட்டுக்குக் கீழே போனால் விசா நிலையே ஆட்டம் காணும், ஆகவே டிராப் பட்டன் பற்றிச் சொன்னது உங்களுக்கு இரண்டு மடங்கு.

கூப்பர்டினோ, ஒருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பேங்க் பேலன்ஸ் காட்டி, மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கி வந்தவர் ஏழைகளின் சாப்பாட்டில் கைவைப்பது நியாயமா? கனடாவில் ஒருவர் ஃபுட் பேங்கில் வாங்கியதை வீடியோ போட்டு நம் எல்லோர் மானத்தையும் வாங்கினாரே!

அவர் காட்டியது முதல் வருடச் செலவுக்கான பணம், ஐயா. அதற்குப் பிறகு ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் வரலாம், ரூபாய் விழலாம். காலேஜ் பேண்ட்ரி அந்தக் காலேஜின் மாணவர்களுக்காகத்தான் இருக்கிறது. இவரும் மாணவர்.

சாக்ரமெண்டோ, ஓர் அம்மா: என் மகள் அவள் காலேஜ் பேண்ட்ரியில் வாலண்டியர். வெள்ளிக்கிழமை மாலை ரொட்டியும் கீரையும் மிஞ்சிக் குப்பைக்குப் போகிறது. நம் பிள்ளைகள் மானம் பார்த்துப் பட்டினி கிடக்கிறார்கள்.

கூப்பர்டினோ: விதி அனுமதிப்பதெல்லாம் நியாயமாகிவிடாது. இன்று இவர், நாளை டெஸ்லாவில் வந்து இறங்குபவர்.

டெஸ்லாவில் வருபவர் வாங்கக் கூடாது என்பதில் நான் உங்கள் கட்சி. வீட்டில் எல்லாம் இருந்தும் ‘ஃப்ரீதானே’ என்று பை நிறைப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அவர்களை நிறுத்துவதற்காக வாசலில் நின்று சம்பளச் சீட்டுக் கேட்டால் முதலில் திரும்பிப் போவது பசியோடு வந்தவன். இன்னொன்று, தேவை உள்ள நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. கேட்டால் “அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாங்க” என்கிறார்கள். பஞ்சாயத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஹேவர்ட், மாணவி: கால்குலஸ் சரியாகப் போகவில்லை. டிராப் செய்தால் டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ (விலகியதற்கான குறி)தானே விழும்? ஜி.பி.ஏ. குறையாதே?

ஜி.பி.ஏ. குறையாது. ஆனால் உதவித்தொகை வாங்குபவர்கள் எடுத்த யூனிட்டில் 67 சதவீதமாவது முடிக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான அளவு. டபிள்யூ, எடுத்து முடிக்காத யூனிட்டாகவே எண்ணப்படும். செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டும் முன் எல்லா வகுப்பையும் விட்டால், வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். முதலில் டியூட்டரிங் சென்டர், அடுத்து கவுன்சிலர், பட்டன் கடைசி.

சன்னிவேல், ஓர் அப்பா: ஃபாஃப்சா பற்றி ஒரு கேள்வி…

திரும்பவுமா என்றுதான் நினைத்தேன்.

…போன மாதம் எனக்கு லே-ஆஃப். படிவமோ இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைக் கேட்கிறது.

இது நல்ல கேள்வி. படிவத்தில் கேட்டதை அப்படியே போடுங்கள். பிறகு லே-ஆஃப் கடிதத்தோடு மகனோ மகளோ ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்துக்குப் போய், நிலைமை மாறிவிட்டது, மறுபடி கணக்கிடுங்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள்.

சான்டா கிளாரா, மாணவர்: யு.சி. பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது இடத்தை உறுதி செய்யும் ‘டேக்’ விண்ணப்பம் போட்டால் பெர்க்லி உறுதியா?

பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியேகோ மூன்றிலும் டேக் கிடையாது. மற்ற ஆறு யு.சி. கேம்பஸ்களில் ஒன்றுக்குத்தான் போடலாம், செப்டம்பர் மாதத்துக்குள். எல்லா மேஜருக்கும் இல்லை, முதலில் பட்டியலைப் பாருங்கள்.

ப்ளெசண்டன், ஒருவர்: விசிட்டர் விசாவில் வந்திருக்கும் என் அம்மா ஆங்கில வகுப்பில் சேரலாமா?

பி-2வில் படிக்கச் சேரக் கூடாது. லைப்ரரிக்கு அழைத்துப்போங்கள்.

ஸ்டாக்டன், ஒரு பெண்: கணவரைப் பிரிந்து இரண்டு குழந்தைகளோடு இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. மெடிக்கல் அசிஸ்டெண்ட் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

உங்களைப் போன்றவர்களுக்காகவே 1969இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது, அம்மா. இ.ஓ.பி.எஸ். என்று கேளுங்கள். தனிக் கவுன்சிலர், புத்தகத்துக்கு உதவி, மற்றவர்களுக்கு முன்பே வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் விடும் நேரத்துக்கு ஏற்ற வகுப்பு கிடைப்பதே பாதி வெற்றி. பொதுவாக 12 யூனிட் எடுக்க வேண்டும். குழந்தைகளுக்காக கால்வொர்க்ஸ் என்ற அரசு உதவிப் பணம் வாங்குகிறீர்கள் என்றால் ‘கேர்’ திட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள், அது தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கானது. ஃபாஃப்சாவில் பிரிந்து வாழ்கிறேன் என்று குறித்தால் கணவரின் வருமானம் சேராது. இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் உங்கள் சம்பளத்தைத் தனியாகக் காட்ட, வேலை கொடுத்தவர் தரும் டபிள்யூ-2 படிவத்தை எடுத்து வையுங்கள். கேம்பஸிலேயே குழந்தைகள் மையம் இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துப் பெயர் கொடுத்துவிடுங்கள், அந்த வரிசைதான் எல்லாவற்றையும்விட நீளம்.