போர்ட் லூயி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மொரிஷியஸ் தலைநகரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மதிய இடைவேளைகளில் நடந்து நடந்தே ஊரைத் தெரிந்துகொண்டேன். நகருக்குள் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிக் கேளுங்கள். விசா, விமான டிக்கெட், ஹோட்டல் பற்றி ஏஜென்டைக் கேட்பதே நல்லது.

கேள்வி: சார், எங்கள் டூர் ஏஜென்ட் போர்ட் லூயிக்கு அரை நாள் போதும் என்கிறார். போதுமா?

போதாது. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அது வார நாளாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஆப்ரவாசி காட் (அந்தக் கால ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய முகாம்), ப்ளூ பென்னி தபால்தலை மியூசியம் இரண்டும் திறக்காது. வெறும் தெருவைப் பார்த்துவிட்டு "இந்த ஊரில் ஒன்றுமில்லை" என்று திரும்பியவர்கள் நிறைய. காலையில் சந்தையில் தொடங்குங்கள். வெயில் ஏறியதும் மியூசியங்கள். மாலையில் அடிலெய்ட் கோட்டை. மேலே நின்றால் ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் ஷாம்ப் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல் தெரியும். 1812 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. 1968 மார்ச் 12 அன்று நாட்டின் சுதந்திரக் கொடி ஏறியதும் அந்தத் திடலில்தான்.

கேள்வி: நகரத்துக்குள் குளிக்க நல்ல கடற்கரை எது?

கிடையாது. அது துறைமுகம். குளிக்க மோன் ஷுவாசி அல்லது ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் போங்கள்.

கேள்வி: ஆப்ரவாசி காட் என்ற இடத்தில் நாலு படியும் இடிந்த சுவரும்தான் இருக்கிறதாமே? என் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் கப்பலேறி மொரிஷியஸ் போனதாக வீட்டில் சொல்வார்கள். அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா?

அம்மா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். படிகள் பதினாறு. அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். 1849-இல் இந்த முகாம் எழுந்த பிறகு வந்தவர்களை இங்கே இறக்கி, பதிவு செய்து, சில நாள் தங்கவைத்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருப்பது குறைவுதான். ஆனால் சமையலறை, மருத்துவமனைப் பகுதி, கழிப்பிடம் எல்லாம் எங்கே இருந்தன என்று பார்க்கலாம். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டணம் இல்லை. முதலில் பக்கத்திலுள்ள விளக்க மையத்தைப் பாருங்கள். அப்புறம் படிகளுக்குப் போனால் அந்தக் கற்கள் வேறு மாதிரித் தெரியும்.

உங்கள் தாத்தாவைத் தேட, நகரத்துக்கு வெளியே மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போக வேண்டும். குடியேறியோர் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், வந்த கப்பல் என்று எழுதியிருப்பார்கள். பிற்காலத்தில் வந்த பலருக்குப் புகைப்படமும் உண்டு. நம் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முருகன் என்பதே நாலு விதமாக இருக்கும். அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். தகப்பன் பெயர், கிராமம், ஏறக்குறைய எந்த வருடம் என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: ப்ளூ பென்னி மியூசியத்தில் இருப்பது அச்சுப் பிழையால் புகழ்பெற்ற தபால்தலைதானே?

தபால்தலை சரி, பிழை என்பது கதை. 1847-இல் ஜோசப் பர்னார்ட் செதுக்கியவை ஒரு பென்னி சிவப்பும் இரண்டு பென்ஸ் நீலமும். ஓரத்தில் "போஸ்ட் ஆஃபீஸ்" என்றிருக்கும். "போஸ்ட் பெய்ட்" என்று போட வேண்டியதை அவர் மறந்துவிட்டார் என்பார்கள். 1845-இல் நியூயார்க் தபால் அதிகாரி வெளியிட்ட தலையிலும் "போஸ்ட் ஆஃபீஸ்" என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது இயல்பான வாசகம்.

கேள்வி: அப்படியானால் 1848-இல் ஏன் "போஸ்ட் பெய்ட்" என்று மாற்றினார்கள்? பிழையைத் திருத்தத்தானே?

மாற்றியது உண்மை. ஆனால் அது திருத்தம் என்று நிரூபணமாகாது. முதல் தகட்டில் ஒவ்வொரு விலைக்கும் ஒரே ஒரு தலை. ஒவ்வொன்றாக அழுத்தி 500 வீதம் அச்சிட்டார்கள். அது கட்டுப்படியாகாமல் பன்னிரண்டு தலைகள் கொண்ட தகடுகளைப் புதிதாகச் செதுக்கினார்கள், வாசகமும் அப்போது மாறியது. பிழை என்று நினைத்திருந்தால் முதல் தலைகளை விற்றிருக்க மாட்டார்களே! ஆளுநர் மனைவி தன் விருந்து அழைப்பிதழ்களுக்கே அவற்றை ஒட்டினார். இன்று மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு, விலைக்குக் காரணம் அதுதான். 1993-இல் மொரிஷியஸ் நிறுவனங்கள் சேர்ந்து இருபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அவற்றில் ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் ஏலத்தில் மீட்டுக் கொண்டுவந்தன. வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் மணிக்குச் சில நிமிடம் மட்டுமே அசலுக்கு விளக்குப் போடுவார்கள். நேரத்தைக் கேட்டுக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: அரை நாளில் எல்லாம் முடிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஞாயிறு வேண்டாம்.

கேள்வி: அழிந்துபோன டோடோ பறவையின் எலும்பு அசலா?

அசல். இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது. பல பறவைகளின் எலும்புகளைக் கோத்துச் செய்த டோடோக்கள்தான் மற்ற ஊர்களில். இங்கே இருப்பது ஒரே பறவையின் எலும்புக்கூடு. சுமார் 1904-இல் எத்தியேன் திரியூ என்ற முடிதிருத்துபவர் மலைப்பக்கத்தில் தேடிக் கண்டெடுத்தார். இதைப் பார்க்காமல் வராதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு?

சந்தையில் தால் பூரி கேளுங்கள். கடலைப்பருப்புப் பூரணம் வைத்த மெல்லிய ரொட்டி, ஜோடியாகத்தான் தருவார்கள். உள்ளே மொச்சைக் குழம்பும் தக்காளித் தொக்கும். கூடவே காத்தோ பிமான், அதாவது நம் பருப்பு வடை. சப்ஜா விதை போட்ட பால் பானமான அலுடாவும் உண்டு.

கேள்வி: ஐயா, தமிழ்க் கோயில் உண்டா?

உண்டு. நகரின் சேன்ட் க்ருவா பகுதியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில், உள்ளூரில் கைலாசம் என்பார்கள். அங்குள்ள தமிழர்களில் பலர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழிதான். ஆனால் தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடும். மொரிஷியஸ் ரூபாய் நோட்டைப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் நோட்டிலுள்ள மொழிகளின் வரிசையில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி நோட்டு அடித்தபோது தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

கேள்வி: ஞாயிறு மட்டும்தான் எங்களுக்கு ஓய்வு நாள். என்ன செய்ய?

அன்று நகரத்தை விட்டுவிட்டுப் பாம்ப்ளமூஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். ராட்சத ஆம்பல் இலைகளைப் பார்க்கலாம். போர்ட் லூயியைத் திங்கட்கிழமைக்கு வையுங்கள்.