டிக்கட்டில் ஐந்தரை, வானத்தில் பதினொன்று: கட்டுநாயக்க – ஹீத்ரோ கணக்கு

ஹட்டனிலிருந்து அம்மா தனியே லண்டன் போகிறார், டிக்கட்டில் பகல் 1.00க்கு ஏறி மாலை 6.30க்கு இறங்குவதாக இருக்கிறது, ஐந்தரை மணித்தியாலம்தானா, தூரம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, பதினொரு மணித்தியாலம். டிக்கட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே மாலை 6.30 என்றால் இங்கே நடுச்சாமம் 12. மார்ச் கடைசி ஞாயிறு தொடக்கம் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் மணிக்கூட்டை முன்னே தள்ளிவிடுவதால் வித்தியாசம் நாலரைதான். அப்போது அதே பறப்பு டிக்கட்டில் 7.30 என்று வரும்.

தூரம் ஏறத்தாழ 8,700 கி.மீ. சுவர்ப் படத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், கோடு சவூதி மேலால் போகும். பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடக்கே வளைந்து போகும், சரிபாதி தெஹ்ரானுக்குக் கிட்ட விழும். அதுதான் குறுக்கு வழி. வேறு இடத்தில் 8,714 என்று போட்டிருக்கிறதே என்று சண்டைக்கு வர வேண்டாம். எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள், பூமியை முழு உருண்டையாக எடுத்தார்களா என்பதில் சில கிலோமீற்றர் கூடிக் குறையும்.

தூரத்தை மணிக்கு 850 கி.மீ. வேகம் என்று 850ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் சேருங்கள், பத்தே முக்கால் வரும். சும்மா 900ஆல் வகுத்து 9 மணி 40 நிமிடம் என்று காட்டும் கணக்குகளை நம்பி யாரையும் கூட்டிப் போக அனுப்பாதீர்கள். மேற்கே போகும்போது காற்று எதிரே அடிக்கும். 2022 பெப்ரவரியிலிருந்து உக்ரேன் வான்வெளி மூடியிருப்பதால் நூல் போன வழியே விமானம் போவதுமில்லை. திரும்பி வரும்போது காற்று முதுகில், அரை மணித்தியாலமாவது மிச்சம்.

டோஹா வழி டிக்கட் மலிவாகக் கிடைத்தால் தூரத்துக்காகப் பயப்பட வேண்டாம். டோஹா வரை 3,600, அங்கிருந்து லண்டனுக்கு 5,250, கூட்டினால் நேரடி வழியைவிட 150 கி.மீ.தான் அதிகம். நேரத்தைத் தின்பது ட்ரான்சிட். ஐந்தும் ஏழும் மணித்தியாலம் பறப்பு, நடுவில் காத்திருப்பு வேறு. முதன்முறை தனியே போகிறவருக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்த ட்ரான்சிட் எடுக்காதீர்கள். நேரடியோ ட்ரான்சிட்டோ, சக்கர நாற்காலியை 48 மணித்தியாலத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். மருந்து கைப்பையில்.

இதில் யாரும் கணக்கெடுக்காதது நம்முடைய ரோட்டு. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க 150 கி.மீ.கூட இல்லை. விமானம் போகும் தூரத்தில் அறுபதில் ஒரு பங்கு, நேரமோ கிட்டத்தட்ட பாதி! கினிகத்தேனை வளைவில் ஒரு லொறி முன்னால் மாட்டினால் அவிசாவளை வரை அதன் பின்னால்தான். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அதுவும் இல்லை. தேயிலை இறங்கத் தொடங்கி எத்தனை தலைமுறை, ரோட்டு இன்னும் அதே அகலம். மலைநாட்டுக்காரர் அவசரப்படமாட்டார்கள் என்று நினைப்பு போல.

ஆகவே 1.00 மணி விமானத்துக்கு 10.00க்கு அங்கே நிற்க வேண்டும். வேனுக்கு ஐந்து மணித்தியாலம், பனிக்கும் மழைக்கும் இன்னும் ஒன்று. காலை 4.00க்கு வாசலில் வேன் நிற்கட்டும், டிரைவரிடம் 3.30 என்று சொல்லுங்கள்.