குளியல் தொட்டிச் சிலந்தியும் கூறைச் சீலையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செப்டம்பர் பிறந்தால் போதும், காலையில் குளியலறைக்குள் போகவே பயம். தொட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி. தண்ணீர் போகும் துளையால் ஏறி வருகிறதா? கடிக்குமா? – வாசகி, ஹாரோ

பதில்: துளையால் வரவில்லை, தங்கச்சி. அதற்குக் கீழே குழாய் வளைந்து, அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும். இரவில் திரிந்த சிலந்தி தொட்டிக்குள் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். வழுவழுப்பான பரப்பில் ஏற அதன் காலுக்குப் பிடிமானம் கிடையாது. அதனால் விடியும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

அது அநேகமாக ஆண் வீட்டுச் சிலந்தி. முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டைக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனி குமிழாகத் தடித்திருந்தால் ஆண்தான். கால்கள்தான் நீளம், உடம்பு ஒன்றரை சென்ரிமீற்றர் வந்தால் அதிகம். கோடை முழுக்க உங்கள் வீட்டிலோ கராஜிலோதான் இருந்திருப்பார். ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை துணை தேடி நடக்கிறார். பெண் சிலந்தியோ மூலையில் விரிப்பு மாதிரி வலை பின்னி, அதன் ஓரத்துக் குழலுக்குள் இருந்த இடத்தைவிட்டு அசையாது.

கடிப்பது மிக அரிது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு துவாயைத் தொட்டி விளிம்பில் தொங்கவிடுங்கள், பிடித்து ஏறிப் போய்விடும். நான் மருந்து அடித்துப் பிழைப்பவன். இதற்கு அடிக்கச் சொல்லிக் கூப்பிட்டால் காசு வாங்காமல் திரும்பிவிடுவேன்.

கேள்வி: அண்ணா, என்னுடைய கூறைச் சீலையை எடுத்துப் பார்த்தால் உடலில் அங்கங்கே ஓட்டை. சரிகைக் கரை அப்படியே இருக்கிறது. அலுமாரியைத் திறந்தால் பொன்னிறத்தில் ஒரு சின்னப் பூச்சி பறக்கிறது. அடித்துக் கொன்றுகொண்டே இருக்கிறோம், முடிவதாக இல்லை. – வாசகி, இல்ஃபோர்ட்

பதில்: சிலந்திக்குப் பத்துப் பேர் கூப்பிட்டால், இதற்கு ஒருவர் கூப்பிடுவதும் அபூர்வம். நிஜமான சேதம் செய்வதோ இதுதான்.

இது துணி அந்துப்பூச்சி. நீங்கள் அடிக்கும் பூச்சி சீலையைத் தின்னவில்லை; வளர்ந்த அந்துக்கு எதையும் தின்ன வாயே சரிப்படாது. தின்றது அதன் புழு: வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, முழுதாக வளர்ந்தாலும் ஒரு சென்ரிமீற்றர் இருக்கும். கம்பளி, தோல்மயிர், இறகு, பட்டு என்று விலங்கிலிருந்து வந்தவைதான் அதற்குச் சாப்பாடு. சரிகையை விட்டுவைத்ததன் காரணம் இப்போது புரியும். வியர்வையோ, பந்தியில் சிந்திய குழம்போ பட்ட இடம் அதற்கு இன்னும் பிடிக்கும். ஆகவே அந்தச் சீலையின் சட்டையை எடுத்து அக்குள் பக்கத்தையும் பாருங்கள்.

இன்னொன்று. சீலையை வெள்ளைத் துணிமேல் விரித்து மெல்லத் தட்டுங்கள். மணிமணியாகக் குறுணி உதிரும். கூறை சிவப்பென்றால் குறுணியும் பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். அது புழுவின் எச்சம், தின்ற துணியின் சாயம் அப்படியே வெளியே வந்திருக்கிறது. மடிப்புக்குள் நூலாலான குழல்களும் ஒட்டியிருக்கும், புழு அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? அலுமாரியை முழுதாகக் காலி பண்ணுங்கள். துணிகளை வெளியே கொண்டுபோய் மடிப்பு மடிப்பாக உதறுங்கள். பட்டைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்துவிட்டு இறுகக் கட்டுங்கள். மைனஸ் 18 பாகை ஃப்ரீசரில் இரண்டு வாரம் கிடக்கட்டும். மீனையும் முருங்கைக்காயையும் எங்கே வைப்பது என்று வீட்டில் சண்டை வரும், வரட்டும். எடுத்தவுடன் பையைத் திறக்க வேண்டாம். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் பட்டில் ஈரம் படியாது.

அதோடு முடியவில்லை. அலுமாரிக்கு அடியிலும் கம்பளி விரிப்பின் ஓரத்திலும் வாக்குவம் போட்டு, அதன் பையை வெளியே எறிந்துவிடுங்கள். புகைபோக்கியில் பழைய குருவிக்கூடு இருந்தால் அங்கிருந்தும் வரும். கடையில் விற்கும் வாசனைப் பொறி ஆண் பூச்சியை மட்டும்தான் இழுக்கும். வீட்டில் அந்து இருக்கிறதா என்று அறிய நல்லது, அதை நம்பிச் சீலையை உள்ளே வைக்காதீர்கள்.

கேள்வி: காட்டில் விளையாடிவிட்டு வந்த மகனின் தொடையில் ஓர் உண்ணி. எண்ணெய் பூசினால் தானாக விழுந்துவிடும் என்கிறார் அம்மம்மா. பூசலாமா? – வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: வேண்டாம். எண்ணெயில் மூச்சுத் திணறும் உண்ணி வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கலாம். கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுங்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

உண்ணி மரத்திலிருந்து குதிப்பதில்லை. புல் நுனியில் முன்காலை நீட்டிக்கொண்டு காத்திருந்து, உரசிப் போகிறவர்மேல் தொற்றிக்கொள்கிறது. இளசு ஒன்றரை மில்லிமீற்றர்கூட இராது. அதனால் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமயிர் ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாளிலோ சில வாரத்திலோ சிவப்பு வளையம் பரவினால் டொக்டரிடம் காட்டுங்கள். அது போரேலியா என்ற, உண்ணி பரப்பும் பக்டீரியாத் தொற்று; அன்டிபயோட்டிக்கில் மாறும். உங்கள் மாநிலத்தின் பெரும்பகுதியில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சலும் உண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று இன்றே கேளுங்கள்.

கேள்வி: இரவில் பல்கனி விளக்கைச் சுற்றிப் பென்னம்பெரிய குளவி. ஆசியக் குளவி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். – வாசகர், பாரிஸ் புறநகர்

பதில்: இரவில் விளக்குக்கு வந்தால் அது ஐரோப்பியப் பெருங்குளவிதான், தலையும் மார்பும் செம்பழுப்பு, வயிறு மஞ்சள். விளக்கை அணையுங்கள், போய்விடும். 2004இல் பிரான்சில் முதலில் காணப்பட்ட ஆசியக் குளவி பகலில் திரிவது. உடம்பு பெரும்பாலும் கறுப்பு, கால் நுனிகள் மஞ்சள், தேனீக்கூட்டின் வாசலில் மிதந்து நின்று வேட்டையாடும். அதன் கூட்டைக் கண்டால் நகரசபைக்குச் சொல்லுங்கள், தடியோடு கிளம்பிவிடாதீர்கள். ஜேர்மனியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பெருங்குளவி சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, கூட்டைக் கலைத்தால் அபராதம் வரும்.

கேள்வி: ஒக்டோபரில் யன்னல் சட்டத்துக்குள் கூட்டம் கூட்டமாகப் பொறிவண்டுகள். ஏன்? – வாசகி, லெஸ்டர்

பதில்: குளிர்காலம் தூங்க வந்திருக்கின்றன. இப்படி வீட்டுக்குள் கூடுவது பெரும்பாலும் ஆசியப் பொறிவண்டு. பிரித்தானியாவில் 2004இல் முதலில் பதிவானது. கையால் நசுக்கினால் மஞ்சள் நீர் கக்கித் திரைச்சீலையைக் கறையாக்கும். தும்புத்தடியால் மெல்லக் கூட்டி அள்ளி, தோட்டக் கொட்டிலில் விடுங்கள்.