வாயுவுக்கு மேடு பள்ளம் தெரியாது

வீட்டில் வாங்கி வைத்திருக்கும் கொலஸ்ட்ரால் மீட்டர் காட்டிய எண்களுக்கே கடிதத்தின் முக்கால் பங்கை ஒதுக்கியிருக்கிறீர்கள். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறும்போது நெஞ்சின் நடுவே இறுக்கிப் பிடித்ததையும், சற்று உட்கார்ந்ததும் அது விட்டுவிட்டதையும், வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்ததையும் கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் தந்தை 49 வயதில் மாரடைப்பால் இறந்தார், உங்களுக்கு இப்போது 46 என்பதும் அதை ஒட்டியே வருகிறது. நீங்கள் கேட்க நினைத்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உடல் உழைக்கும்போது வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் நெஞ்சு இறுக்கத்தை, வேறு காரணம் உறுதியாகும் வரை இதய இரத்தக்குழாய் அடைப்பாகவே கருத வேண்டும். வாயுவுக்கு மேடு பள்ளம் தெரியாது. இதைப் படித்த அன்றே கோரிப்பாளையம் அரசு இராஜாஜி மருத்துவமனையிலோ, வேறொரு இதய மருத்துவரிடமோ காட்டுங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருக்கிறது என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிட வேண்டாம்; இவ்வகை அடைப்பு உள்ள பலருக்கும் வலி இல்லாத நேரத்தில் அது இயல்பாகவே இருக்கும் என்பதால், எக்கோ, டிரெட்மில் போன்ற சோதனைகளில் எது தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அதுவரை மலையேற்றம் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, சில நிமிடங்களில் அடங்காமல் வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, பைக்கை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பாமல் 108-ஐ அழையுங்கள்.

இனி மீட்டர். மொத்தக் கொலஸ்ட்ரால் 178-க்கு இறங்கியதும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டீர்கள். 178-க்கு இறங்கியதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். மேலும், உங்கள் மீட்டர் அளப்பது மொத்தத்தை மட்டுமே. நம்மவர்களிடம் பரவலாகக் காணப்படுவது எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடியும் இருக்கும் நிலை. அதில் மொத்த அளவு 200-க்குள் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருக்க, உள்ளே குழாய் அடைபட்டுக்கொண்டிருக்கலாம். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் காட்டும் விலை உயர்ந்த மீட்டர்கள்கூடப் பெரும்பாலும் அதை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கின்றன. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதால், நீங்கள் ஒருமுறையாவது ஆய்வகத்தில் பார்க்க வேண்டிய, பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற கொழுப்புத் துகளும் உங்கள் மீட்டருக்கு எட்டாதது.

காலையில் 178, மாலையில் 201 என்று வந்ததற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஈரக் கையோடு குத்துவது, இரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழிவது, மீட்டரில் செருகும் சோதனைப் பட்டைகள் உள்ள குப்பியை மூடாமல் மதுரை வெக்கையில் வைத்திருப்பது ஆகியவற்றில் எதுவும் எண்ணை மாற்றிவிடும்; எல்லாம் சரியாகச் செய்தாலும் ஓரளவு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். இதுவரை பரிசோதித்தே பார்க்காத ஒருவரை ஆய்வகத்துக்குப் போகத் தூண்டும் வரையில் மீட்டர் நல்லதுதான். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும், நரம்பில் எடுத்த இரத்தத்தின் முழு லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) அறிக்கையைப் பார்த்து மருத்துவர் செய்ய வேண்டியவை.

முடி உதிர்வதற்கும் கண் துடிப்பதற்கும் கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பில்லை. ஸ்டாட்டின் கல்லீரலை அரித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை அழித்துவிடலாம். அத்தகைய கடும் பாதிப்பு மிக அரிது, சந்தேகம் வந்தால் ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கருஞ்சீரகம் சமையலில் இருக்கட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது பழைய ஆய்வக அறிக்கைகளையும் மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். என்றைக்கு மாத்திரையை நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.