டின் பால் கொடுத்தால் தாய்ப்பால் வற்றிவிடுமா?

கேள்வி: எனக்கு சிசேரியன். குழந்தைக்கு இன்று 18 நாள். பிறந்தபோது எடை 2.9 கிலோ, 4-ம் நாள் 2.7, இப்போது 2.98. பால் பத்தவில்லை என்று 2-ம் நாளிலிருந்தே பவுடர் பாலும் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு 60 மில்லி. "வெறும் மார்பை எதுக்குச் சப்ப விடுறே, புட்டியையே கொடு" என்கிறார் மாமியார். இரண்டையும் கொடுக்கலாமா? என் பால் வற்றிவிடுமா?
- பெயர் வேண்டாம், தேனி

பதில்: இரண்டையும் கொடுக்கலாம். முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். இந்த வயதில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் வேண்டும்; உங்கள் குழந்தைக்கு ஏறக்குறைய 450. டின்னிலிருந்து போவது 300. மீதி எங்கிருந்து வருகிறது? உங்களிடமிருந்துதான். வெறும் மார்பு இல்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

14 நாளில் 280 கிராம் ஏறியிருக்கிறது, அதாவது நாளுக்கு 20 கிராம். 20 முதல் 30 வரை ஏற வேண்டும் என்பதால் இது விளிம்பு. எனவே பவுடர் பாலைச் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

பால் வற்றுவது டின்னால் அல்ல, மார்பு காலியாகாமல் இருப்பதால். புட்டி குடித்து மூன்று மணி நேரம் தூங்கும் குழந்தை உங்களிடம் ஒரு வேளையைத் தவறவிடுகிறது. உடம்பும் அவ்வளவு போதும் என்று சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. பூண்டும் பால்சுறாவும் பிடித்தால் சாப்பிடுங்கள், ஆனால் உறிஞ்சாத மார்பில் எதைச் சாப்பிட்டும் பால் ஊறாது.

ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை, எப்போதும் மார்பு முதலில், இரண்டு பக்கமும். தாடை ஆழமாக இறங்கி, "க்க்" என்று விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் நின்று சும்மா சப்பினால் மார்பை மெல்ல அழுத்திவிடுங்கள்; அடுத்த பக்கம் மாற்றுங்கள். அதன் பிறகுதான் பவுடர் பால். அது கொடுத்த வேளைகளில் 10, 15 நிமிடம் கையாலோ பம்பிலோ பீய்ச்சுங்கள். இரவில் பால் சுரக்கும் ஹார்மோன் அதிகம். "ராத்திரி மட்டும் புட்டி" என்ற ஏற்பாடு அதனால்தான் கையைக் கடிக்கும்.

புட்டியைவிடப் பாலாடை (சங்கு) நல்லது. கழுவுவது சுலபம், குழந்தையும் காம்பை மறக்காது. உதட்டோரம் வைத்து, விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும், ஊற்றக் கூடாது. பீய்ச்சிய பாலை முதலில் தனியாகக் கொடுங்கள். பவுடர் பாலோடு கலந்து மிச்சம் வைத்தால் இரண்டும் வீண். தண்ணீருக்குப் பதில் தாய்ப்பாலில் பவுடரைக் கரைப்பது கூடவே கூடாது.

கலக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். பவுடர் கிருமி நீக்கியது அல்ல. வெதுவெதுப்பான ஃபிளாஸ்க் தண்ணீர் கிருமியைக் கொல்லாது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மூடி, அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே கலக்குங்கள். முதலில் தண்ணீர், பிறகு பவுடர். இங்கே பெரும்பாலான டின்களில் 30 மில்லிக்கு ஒரு ஸ்கூப். உங்கள் டின்னில் போட்டிருப்பதே கணக்கு. கத்தியின் பின்புறத்தால் வழித்த ஸ்கூப், அழுத்தியது அல்ல. டின் சீக்கிரம் தீர்கிறதே என்று நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது, ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். கெட்டியானால் மலச்சிக்கலும் நீர்ச்சத்துக் குறைவும். குழாய்த் தண்ணீரில் கிண்ணத்தை வெளிப்புறமாக ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து உடனே கொடுங்கள். வாய் வைத்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தடவைக்கு 60-ஐ 50 ஆக்குங்கள். மூன்று நாள் கழித்து அதே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். நாளுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் ஏறியிருந்தால் இன்னும் 10 மில்லி குறைக்கலாம். ஏறாவிட்டால் பழைய அளவுக்கே திரும்புங்கள். அழுகையை அளவுகோலாக வைக்காதீர்கள், ஈரத்துணியை எண்ணுங்கள். நாளுக்கு ஆறுக்குக் குறைந்தாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தாலோ, பாலுக்குக்கூட எழாமல் துவண்டு கிடந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.