உடல் எழுத்தறிவு என்றால் என்ன? ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வரும் என் மகளுக்கு அதனால் என்ன பயன்?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மகளுக்குப் பத்து வயது, இல்ல விளையாட்டுப் போட்டியில் மூன்று வருடமும் கடைசி, இந்த முறை "நான் போகேல்லை" என்று அழுதிருக்கிறாள். கனடாவிலுள்ள அக்கா 'பிசிக்கல் லிட்டரசி' என்று ஏதோ சொன்னார், அது என்ன, எந்த அமைப்புகள் அதைச் செய்கின்றன, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உடற்கல்வி ஆசிரியை இல்லை, கந்தோரில் வேலை செய்பவள். ஆனால் உங்கள் மகள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் அதை உடல் எழுத்தறிவு என்றே சொல்வது. வாசிக்கத் தெரிந்த எல்லாரும் எழுத்தாளர் ஆவதில்லை, ஆனால் வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுபது வயதிலும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு விறாந்தையில் இருக்க முடிகிறது. உடம்புக்கும் அப்படி ஒரு எழுத்தறிவு உண்டு. ஓட, பாய, எறிய, பிடிக்க, விழாமல் நிற்க, தண்ணீரில் மிதக்கத் தெரிந்திருப்பது அதில் ஒரு பாதிதான். அதைச் செய்ய ஆசை இருப்பது, நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூசாமல் இறங்கும் துணிவு, இது எனக்கு ஏன் வேண்டும் என்ற விளக்கம், வாழ்நாள் முழுக்க இதை நானே பார்த்துக்கொள்வேன் என்ற பொறுப்பு, இவ்வளவும் சேர்ந்தது மற்றப் பாதி. உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மார்கரெட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பெண்மணிதான் இதை இன்றைய பொருளில் வளர்த்தெடுத்தவர். 1993இல் மெல்பேர்ணில், பெண்களினதும் சிறுமிகளினதும் உடற்கல்விக்கான சர்வதேசச் சங்கத்தின் மாநாட்டில் அவர் இதை முன்வைத்தார். சிறுமிகளைப் பற்றிப் பேசக் கூடிய இடத்தில் இந்த எண்ணம் வெளியே வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவர் சொன்னதில் முக்கியமானது, இது ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயணம் என்பது. உங்கள் மகளைப் பக்கத்து லேனில் ஓடும் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது, போன வருடத்து அவளோடுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, என் கதை. 1994, எனக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆள் தெரிவு செய்தார்கள், நூறு மீற்றரில் பின்னால் வந்தவர்களை ஒரு பக்கமாக நிற்கச் சொல்லி, "நீங்கள் எல்லாரும் சோடனைக்கு வாங்கோ" என்றார் பொறுப்பான ஆசிரியர். கெட்ட மனதோடு சொன்னவர் இல்லை, அவருக்குக் கேடயம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விடும்வரை நான் தென்னோலையும் கலர்த்தாளும் வெட்டினேன். வடிவாகத்தான் வெட்டினேன். ஆனால் 'எனக்கு விளையாட்டு ஏலாது' என்ற ஒரு வரி அன்று மனதில் ஏறி இருந்துவிட்டது, நாற்பது வயது தாண்டும்வரை இறங்கவே இல்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் நெஞ்சை அடைக்கும் ஒன்று உண்டு. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை, பெற்றோல் என்பது மருந்துக்கும் இல்லை, ஊர் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. கரியரில் தம்பியும் ஹான்டிலில் அரிசிப் பையுமாகக் குண்டும் குழியுமான ரோட்டில் பத்துக் கிலோமீற்றர் மிதித்துப் போய்வந்த பிள்ளை நான், கிணற்றில் நாளுக்கு இருபது வாளி அள்ளினவள், மதிலேறி மாங்காய் பிடுங்கினவள். அதை ஒருவரும் திறமை என்று சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. திறமை என்றால் வெள்ளைக் கோட்டுக்குள் ஓடி முதலாவதாக வருவது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், கந்தோர்க் கதிரை, ஸ்கூட்டி. நாற்பதில் ஒரு நாள் கிளினிக்கில் "சீனி வருத்தத்தின் கரையில் நிற்கிறீர்கள்" என்றார் டொக்டர். 2022இல் நாடு முழுக்கப் பெற்றோல் வரிசை வந்ததே, அப்போதுதான் வேறு வழியில்லாமல் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த பழைய லுமாலாவை எடுத்து ரியூப் மாற்றி ஏறினேன். பதினைந்து வருடம் தொடாத சைக்கிள். கோண்டாவிலில் ஏறும்போது கை நடுங்கியது, பரமேஸ்வராச் சந்தி வர உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, எங்கே உடம்பைச் சரிக்க வேண்டும், பஸ் ஒதுக்கும்போது எவ்வளவு விலக வேண்டும், எல்லாம். எழுத்தறிவு என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்று அந்தச் சந்தியில்தான் விளங்கியது. பதினாலு வயதுக்கு முன் படித்த எழுத்து அழியவில்லை. பெற்றோல் வந்த பிறகும் நான் சைக்கிளை விடவில்லை, இன்னும் மருந்து தொடங்காமல் இருக்கிறேன். சாப்பாட்டையும் மாற்றியிருக்கிறேன், ஆகவே சைக்கிள்தான் எல்லாம் செய்தது என்று சொல்ல மாட்டேன்.

அமைப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். வைட்ஹெட் அம்மையாரின் எண்ணத்தைக் காத்து வளர்ப்பது சர்வதேச உடல் எழுத்தறிவுச் சங்கம், இங்கிலாந்தில் இருக்கிறது. உங்கள் அக்கா கனடாவில் கேள்விப்பட்டதற்குக் காரணம், இதைக் கொள்கையாகவே எடுத்துச் செய்த முதல் நாடுகளில் கனடா ஒன்று. அங்கே 'ஸ்போர்ட் ஃபோர் லைஃப்' என்ற அமைப்பு 2005இலிருந்து ஒரு வளர்ச்சிப் பாதையை முன்வைத்து வருகிறது. ஏழு கட்டங்கள், குழந்தைகளின் ஆரம்ப அசைவில் தொடங்கி, வெல்வதற்கான பயிற்சிவரை போகிறது, ஆனால் கடைசிக் கட்டத்தின் பெயர் 'வாழ்நாள் முழுக்கச் சுறுசுறுப்பு', அதற்குள் எந்த வயதிலும் யாரும் நுழையலாம், பதக்கம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. 2015இல் கனடாவின் பல அமைப்புகள் கூடி ஒரே வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டன. அதில் ஒன்று 'பார்ட்டிசிபாக்‌ஷன்', 1971இல் தொடங்கியது. 1973இல் அவர்கள் ரீவியில் போட்ட ஒரு விளம்பரம், முப்பது வயதுக் கனடியனும் அறுபது வயது சுவீடன்காரனும் உடல் வலுவில் ஏறக்குறைய ஒன்று என்று சொல்லி நாட்டையே உலுக்கியது. அப்படிப் பேர் எடுத்த அமைப்பே காசில்லாமல் 2001இல் மூடப்பட்டு 2007இல்தான் திரும்ப எழுந்தது. இப்படியான வேலைக்கு எங்கேயும் காசு சுலபமாக வருவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவுஸ்திரேலியாவின் விளையாட்டு ஆணைக்குழு 2019இல் ஒரு சட்டகம் வெளியிட்டது. உடல், உள்ளம், சமூகம், அறிவு என்று நாலு பக்கமாகப் பார்க்கச் சொல்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிரயோசனமாகப் பட்டது, ஏனென்றால் உங்கள் மகளுக்குப் பிரச்சினை காலில் இல்லை, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது என்று அதை வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான அசைவு வேண்டும் என்கிறது. 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலகம் முழுக்க 81 வீதமானவர்களுக்கு அது கிடைப்பதில்லை, பெண்பிள்ளைகளில் 85 வீதம். ஆகவே இது எங்கள் ஊர் ரியூசனால் மட்டும் வந்த வியாதி இல்லை, ஆனால் காலமை ஒரு வகுப்பு, பின்னேரம் இரண்டு வகுப்பு என்று ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு ஓடும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும் என்று நாங்கள் எங்களையே கேட்கத்தான் வேண்டும்.

இந்த அமைப்புகள் ஒன்றும் இங்கே வந்து கிளை திறக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. எங்களிடம் இருப்பதைப் பாருங்கள். ஊருக்கு ஊர் சனசமூக நிலையம், அதற்குப் பக்கத்தில் ஒரு கரப்பந்தாட்டத் திடல், பின்னேரமானால் ஆட்கள். குறை என்னவென்றால் அந்தத் திடலில் நிற்பவர்கள் அனேகமாகப் பெடியன்களும் இளந்தாரிகளும்தான். பெண்பிள்ளை பெரியபிள்ளையானதோடு அவளுக்குத் திடல் பூட்டப்படுகிறது, ஆணுக்கு கல்யாணத்தோடு பூட்டப்படுகிறது. ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்தைப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் ஒதுக்க நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். எங்கள் நிலையத்தில் கேட்டபோது முதலில் சிரித்தார்கள், இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஐந்து மணிக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் வலைப்பந்து விளையாடுகிறோம், அதில் மூன்று பேருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023இல் முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் எடுத்து வந்தார். அந்தப் படத்தை வெட்டி நிலையத்துச் சுவரில் ஒட்டினோம், அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று சொல்லலாம், பெற்றோர் கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள். ஸ்கொட்லாந்தில் ஸ்டேர்லிங் நகரத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றில் 2012இல் எலைன் வைலி என்ற அதிபர் 'டெய்லி மைல்' என்று தொடங்கினார். ஒவ்வொரு நாளும் 15 நிமிடம், பாடநேரத்துக்குள், எல்லாப் பிள்ளைகளும் வெளியே போய்த் தங்கள் தங்கள் வேகத்தில் ஓடுவார்கள் அல்லது நடப்பார்கள். உடுப்பு மாற்றத் தேவையில்லை, போட்டி இல்லை, கடைசி என்று ஒருவரும் இல்லை. சல்லிக்காசு செலவில்லாத இதை எங்கள் பாடசாலை ஒன்றில் செய்ய ஒரு வேப்பமரத்து முற்றம் போதும். வெயில் ஏறும் முன், காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு செய்யலாம்.

மகளுக்கு வருவோம். இந்த வருடம் ஓட்டத்தில் நிற்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், ஆனால் சோடனைக்கு மட்டும் அனுப்பி விட்டுவிடவும் வேண்டாம். ரியூசன் இல்லாத ஒரு பின்னேரத்தைக் கண்டுபிடித்து ஒழுங்கையில் கிளித்தட்டுக் கோடு கீறுங்கள். கோடுகளைக் காத்து நிற்பவர்களிடம் பிடிபடாமல் எல்லாக் கோட்டையும் தாண்டித் திரும்பி வரும் ஆட்டம் அது, காப்பவர்களில் நடுக்கோட்டிலும் ஓடித் தொடக்கூடியவர்தான் கிளி. நான் எவ்வளவோ வாசித்துப் பார்த்தேன், அவுஸ்திரேலியாக்காரர் சொல்லும் நாலு பக்கமும் ஒன்றாக இருக்கும் விளையாட்டு எங்கள் வளவிலேயே இருந்திருக்கிறது. கிளியின் கண்ணைப் பார்க்க வேண்டும், வலப்பக்கம் போவது போலக் காட்டி இடப்பக்கம் பாய வேண்டும், கோட்டில் நிற்பவள் எப்போது களைப்பாள் என்று கணிக்க வேண்டும், உன் ஆள் மாட்டப் போனால் நீ சத்தம் போட்டுக் கிளியை இழுக்க வேண்டும். நேர்கோட்டில் வேகமாக ஓடுகிற பிள்ளை அங்கே வெல்வது என்று இல்லை. மெல்ல ஓடும் பிள்ளை கடைசிக் கோட்டையும் தாண்டித் திரும்பி வருவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், அது என் சின்னவள். அதோடு நீங்களும் இறங்குங்கள், சேலையோ சட்டையோ பரவாயில்லை. அம்மா ஓடி மூச்சு வாங்கி மண்ணில் இருப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

சைக்கிளும் நீச்சலும் கட்டாயம் பழக்குங்கள், பன்னிரண்டுக்குள். கீரிமலையில் பெண்களுக்குத் தனிக் கேணி இருக்கிறது, கூட நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும். எறிதல் பிடித்தல் வீட்டுக்குள்ளேயே முடியும், மழைக்காலத்தில் நாங்கள் பழைய சொக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கி விறாந்தையில் எறிந்தோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அவள் முன்னால் "இவளுக்கு ஓட்டம் சரிவராது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள், மாமிமார் வீட்டுக்கு வந்து கேட்டாலும். "இப்ப கிளித்தட்டுப் பழகுறாள்" என்று சொல்லுங்கள். நீங்கள் கோண்டாவில் பக்கம் என்றால் ஞாயிறு பின்னேரம் கிளித்தட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்களுக்கு ஒரு பக்கத்துக்கு எப்போதும் ஒரு ஆள் குறைவு.