டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர், மோர்ட்டல் கொம்பாட் எல்லாம் ஒரே மாதிரி சண்டை கேம்தானே? பட்டனைத் தட்டத் தெரிந்தால் போதாதா?

உங்களிடம் யாரோ இப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்று பழகினால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை கொழும்பில் ஒரே ராத்திரியில் போய்விட்டது.

2003இல் நான் பத்தாந்தரம். இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் ஒரு சந்துக்குள் படியேறிப் போனால் கேம் கடை. இரண்டு டீவி, இரண்டு பிளேஸ்டேஷன். சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் பஸ் காசைக் கொடுத்து அரை மணித்தியாலம் ஆடிவிட்டு, டிக்கோயா வரைக்கும் நடந்தே போவோம். ஜெயித்தவன் இருக்கலாம், தோற்றவன் எழும்ப வேண்டும். இருந்த கேம் டெக்கன் 3 ஒன்றுதான்.

நான் எப்போதும் எடுப்பது அதில் பால் (Paul) என்ற ஆளைத்தான். கீழே அழுத்தி, அப்படியே முன்பக்கம் வரைக்கும் பெருவிரலை ஒரே இழுப்பில் உருட்டி, முக்கோணப் பட்டனைத் தட்டினால் வலது கைக் குத்து ஒன்று போகும். பட்டால் எதிராளியின் லைஃபில் பெரிய துண்டு காலி. அதை வலப்பக்கம் இடப்பக்கம் எங்கே நின்றாலும் தவறாமல் போட எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. இடது பெருவிரலில் தோல் உரிந்து, பிறகு தடித்துப் போனது. அம்மா அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மலைக்கே போகல, எப்பிடிடா ஒனக்கு வெரலு இப்பிடி ஆச்சு?" என்று கேட்டார். மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்து எடுத்துக் கறுத்து வெடித்த அவருடைய விரல்கள் என் விரலுக்குப் பக்கத்தில் இருந்தன. நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை 'பட்டன் தட்டுறது' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்து, 2011இல் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை. கொட்டாஞ்சேனை அறையில் கூட இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பொடியன். லெப்டொப்பில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வைத்திருந்தார். நான் அதில் ரியூ என்ற ஆளை எடுத்து, பழகிய அதே உருட்டலைப் போட்டேன். குத்துக்குப் பதில் ஹடோக்கென், அந்த நீல நெருப்புப் பந்து போனது. விரல் செய்த வேலை ஒன்றுதான், ஆனால் அதற்கு இங்கே அர்த்தமே வேறு. பாலின் குத்து கிட்டப் போய் முடிக்கிற அடி. ஹடோக்கென் தூரத்தில் இருந்து எதிராளியைக் குதிக்கத் தூண்டுகிற அடி. குதித்து வருகிறவனை அடிக்கத்தான் ஷொர்யூக்கென் என்ற மேலெழும்பும் குத்து இருக்கிறது. நான் கிட்டப் போய் ஹடோக்கென் போட்டேன். அவர் அதற்கு மேலால் குதித்து வந்து அடித்தார். அன்று பதினொரு ஆட்டம், பதினொன்றும் தோல்வி.

அதைவிடப் பெரிய பிழை தடுப்பதில். இரண்டிலும் பின்பக்கம் அழுத்தினால் தடுப்பு. ஆனால் டெக்கனில் நின்றபடி தடுப்பதுதான் வழக்கம். நடு உயரத்தில் வரும் அடி குனிந்திருப்பவனைப் பிடித்துவிடும், பலமான அடிகள் பல அப்படித்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தலைகீழ். குதித்து வரும் அடி, மேலிருந்து இறங்கும் ஒன்றிரண்டு அடி தவிர மற்றதையெல்லாம் குனிந்தே தடுக்கலாம். நின்றுகொண்டிருந்தால் காலில் விழும். ரியூ குனிந்து காலில் போடுகிற நடுத்தர பலத்து உதையும், அதோடு ஒட்டி வருகிற ஹடோக்கெனும் என் லைஃபைத் தின்று முடித்தன.

கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. "நீர் ஏன் எப்ப பாத்தாலும் நிண்டுகொண்டு தடுக்கிறீர்? குந்தும்," என்றார். குந்தினேன். கிட்ட நடந்து வந்து தூக்கி எறிந்தார். டெக்கனில் இப்படிப் பிடித்து எறிகிற சாதாரணப் பிடியைக் குனிந்தே தப்பலாம். இங்கே குனிந்தவனையும் தூக்குவார்கள், தப்புவதென்றால் குதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே நேரத்தில் நாமும் பிடி போட வேண்டும். எட்டு வருஷப் பழக்கம் ஒவ்வொன்றும் எனக்கே எதிராக வேலை செய்தது.

அதனால் ஒரு கேம் எப்படி என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது அதில் எப்படித் தடுப்பது என்பதைத்தான். மோர்ட்டல் கொம்பாட்டில் 1992இல் வந்த முதல் கேமிலிருந்தே தடுப்புக்குத் தனிப் பட்டன். பின்னால் போவது வேறு, தடுப்பது வேறு. எதிராளி தலைக்கு மேலால் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தாலும் பட்டனை விடாமல் பிடித்தால் போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தாண்டி விழுந்தால் 'பின்பக்கம்' மாறிவிடும், அதை ஊகிப்பதே ஒரு வித்தை. 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் உருட்டாமல் ஒரே பட்டனில் ஹடோக்கென் போட வழி செய்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எப்போது நிற்பது, எப்போது குந்துவது என்ற கணக்கு அதில் குறையவில்லை.

டெக்கன்தான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை, சண்டைக்கு வராதீர்கள். டெக்கனில் எடி என்ற ஆளை எடுத்துக் கால் பட்டன் இரண்டையும் மாறி மாறித் தட்டினால் புதியவர்களை ஜெயிக்கலாம் என்பதும் உண்மை. பொறுமையாகத் தடுத்து, இடைவெளியில் திருப்பி அடிக்கத் தெரிந்தவனிடம் அது எடுபடாது. "ஹட்டன் கேம் கடை ஆட்டமெல்லாம் ஒரு ஆட்டமா" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2019இல் லாகூரிலிருந்து போன அர்ஸ்லான் ஆஷ், டெக்கன் 7இல் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியை ஜப்பானிலும் லாஸ் வேகாஸிலும் ஒரே வருஷத்தில் ஜெயித்தார். அதுவரை பாகிஸ்தானில் டெக்கன் ஆடுகிறவர்களை வெளியே யாரும் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டில் நின்றால் காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீர் கீழே இறங்கித்தான் விமலசுரேந்திர, லக்ஷபான மின் நிலையங்களில் கரண்ட் ஆகிறது. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வந்தது நான் ஏழாந்தரம் படிக்கும்போது. இன்றைக்கும் தென்மேற்கு மழையில் ஒரு கிளை விழுந்தால் விடியும் வரை இருட்டு. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டியபோது கொழும்பு நண்பர்கள் பட்ட பாட்டைக் கேட்டேன், பரிதாபமாகத்தான் இருந்தது. எங்கள் லயத்தில் ஒருவரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

கடையிலும் கரண்ட் போகும். மஸ்கெலியாவிலிருந்து ஒருவன் வருவான், டெக்கனில் கிங் என்ற ஆளை எடுத்துப் பிடி போட்டே எல்லாரையும் எழுப்பிவிடுவான். ஓ.எல். (சாதாரணதர) பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ரவுண்ட். மூன்றாவதில் அவனுக்கு ஒரு அடிக்குத்தான் லைஃப் மிச்சம், எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான். பெருவிரலை உருட்டி முக்கோணத்தை அழுத்தினேன். டீவி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கடைக்கார அண்ணன் ஆளுக்குப் பத்து ரூபா திருப்பித் தந்தார். அவன் பிறகு கட்டாருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த நேரம் அவன் நின்று தடுத்தானா, பிடிக்குப் பயந்து குனிந்தானா என்று இதுவரை தெரியாது. குனிந்திருந்தால் பட்டிருக்கும்.